பல்லிடை வெளி

வீட்டில் வைத்தே ஒரு வேலையைச் செய்வது அனுப்பர்பாளையத்தில் ஒருநாளும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் சாலையை விட்டு ஊருக்குள் திரும்பினால், வாசல் எங்கே முடிகிறது, பட்டறை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு வீட்டில் தகடு வெட்டுவார்கள். அடுத்த வீட்டில் அதைத் தட்டிக் குழிப்பார்கள். இன்னொரு வீட்டில் கழுத்தையும் வயிற்றையும் சேர்த்துப் பற்றவைப்பார்கள். பித்தளைக் குடமும் செம்பு அண்டாவும் எவர்சில்வர் போசியும் இப்படி வீடு வீடாக நடந்துதான் முழு உருவம் பெறுகின்றன. பாத்திரக்காரர்களின் பிள்ளைகள் பலர் ஓவர்லாக் மெஷினுக்கும் கட்டிங் டேபிளுக்கும் போய்விட்டார்கள். சுத்தியல் சத்தம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

அதனால் என் அக்கா மகன் தன் காருக்கு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் ஒன்றைத் தருவித்து, அதை வீட்டுச் சாளையிலேயே பொருத்தப் போவதாகச் சொன்னபோது தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. கார் எப்படிப்பட்டது, அதற்குள் போகும் சாமான் என்ன செய்யும் என்று மட்டும் கேட்டார்கள். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் இவ்வளவையும் எழுத வேண்டியதாயிற்று.

கார் யாரோ ஒருவர் எப்போதோ கையால் கட்டியது. இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது. இரும்புக் குழாய்ச் சட்டம், அலுமினியத் தகட்டு உடம்பு. எஞ்சினும் பின் ஆக்ஸிலும் அம்பாசடருடையவை. அம்பாசடர் எஞ்சினை வைத்து ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. அம்பாசடரின் மூலம் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. மோரிஸ் சேர்ந்திருந்த பி.எம்.சி நிறுவனக் குடும்பத்திலேயே 1955இல் எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. நம் ஊர் டாக்சிகளை ஆண்டுக்கணக்கில் இழுத்த அதே பி வரிசை 1489 சிசி எஞ்சின்தான் முதல் எம்ஜிஏவிலும் இருந்தது. நடுவில் வட்டமாகப் புடைத்த, முன்பக்கமாகப் பல்சக்கரத் தொகுதியைக் கழற்றி எடுக்கக்கூடிய பின் ஆக்ஸிலும் அதே வழி வந்ததுதான். ஒன்று கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றிப் போனது, இன்னொன்று பந்தயத் திடலுக்குப் போனது. அம்பாசடரின் அடிவயிற்றைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்குக்கு எம்ஜிஏ அந்நியமில்லை. வெளிநாட்டில் பழைய எம்ஜி கார்களை இன்னும் ஓட்டுகிறவர்கள் இருப்பதால் அந்த வகை ஆக்ஸிலுக்கான உதிரிகளும் இன்னும் செய்யப்படுகின்றன. வாங்குமுன் பார்க்க வேண்டியது, ஆக்ஸில் ஷாஃப்டின் முனையிலுள்ள வரிப்பற்களின் எண்ணிக்கையும் புதிய தொகுதியின் உள்வரிகளும் பொருந்துகின்றனவா என்பதைத்தான். பொருந்தவில்லையென்றால் ஷாஃப்டைப் புதிதாகக் கடைந்து வரி போட வேண்டும். கோயம்புத்தூர் பக்கத்தில் இருப்பதால் அது நமக்குப் பெரிய தடையில்லை.

இனி அந்தக் கேள்வி. கார் ஒரு முழு வட்டம் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே சுமார் 1.35 மீட்டர். வட்டம் கோயில் தெப்பக்குளம் அளவு பெரிதாக இருந்தாலும் தெருமுனை அளவு சிறிதாக இருந்தாலும், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடக் கிட்டத்தட்ட எட்டரை மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிக் கட்டிவிட்டால் ஏதோ ஒரு டயர் தரையில் தேய்ந்தே ஆக வேண்டும். அந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியல். கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம் சுழற்றும் கூட்டுக்குள் இரண்டு பக்கப் பல்சக்கரங்கள், அவற்றுக்கு நடுவே குறுக்குத் தண்டில் சின்னப் பல்சக்கரங்கள். நேராகப் போகும்போது சின்னவை சும்மா இருக்கும், எல்லாம் ஒரே கட்டியாகச் சுற்றும். திரும்பும்போது சின்னவை தம் தண்டில் உருளத் தொடங்கும். ஒரு பக்கம் எவ்வளவு வேகம் குறைந்ததோ அவ்வளவு மறுபக்கம் கூடும்.

இந்த அமைப்பு கார் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நூற்பாலையில் சிம்ப்ளக்ஸ் ஃபிட்டராக இருந்த ஒருவரின் மகன் என்பதால் எனக்கு வேறு விதமாகத் தெரியும். கார்டிங், டிராயிங் முடிந்த பஞ்சுத் திரியை லேசாக முறுக்கிப் பாபினில் சுற்றுவது சிம்ப்ளக்ஸ். பஞ்சு வரும் வேகம் மாறாது, முறுக்கும் ஃப்ளையரின் வேகமும் மாறாது. ஆனால் பாபினில் அடுக்கு ஏற ஏறச் சுற்றளவு பெருகும். அதற்கேற்பப் பாபினின் வேகம் துளித் துளியாக மாறாவிட்டால் ஒன்று ரோவிங் எனும் அந்தத் திரி அறும், இல்லையென்றால் தொய்யும். மாறாத ஒரு வேகத்தையும் கூம்பு டிரம்களின் பெல்ட் நகர நகர மாறும் இன்னொரு வேகத்தையும் ஒன்றாகக் கூட்டிப் பாபினுக்குத் தர ஒரு பல்சக்கரத் தொகுதி வேண்டியிருந்தது. மான்செஸ்டர் பருத்தி உலகில் ஹென்றி ஹோல்ட்ஸ்வொர்த் அதை 1826இல் செய்தார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்கான டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை வாங்கினார். கார்ல் பென்ஸின் வண்டி 1886இல்தான் வந்தது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பருத்தி ஆலைக்குள் டிஃபரன்ஷியல் ஓடிக்கொண்டிருந்தது.

அவிநாசி, பல்லடம், உடுமலை என்று ஆலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் அந்தத் தொகுதியைப் பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டு, மீண்டும் பூட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அக்கா மகனான மாப்பிள்ளை தன் காரின் டிஃபரன்ஷியலைக் கழற்றித் தாளில் பரப்பி வைத்தபோது, எதிர்வீட்டில் ஓய்வாக இருக்கும் ஆலைத் தொழிலாளி ஒருவர் எட்டிப் பார்த்து, “இது நம்ம சிம்ப்ளக்ஸ் சாமானுங்களே” என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை.

டிஃபரன்ஷியலின் குணமே அதன் குறையும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் வழுக்கினால் எல்லாச் சக்தியும் அதற்கே போய்விடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். நடப்பது அதைவிடக் கொஞ்சம் சோகமானது. வழுக்கும் சக்கரத்துக்குத் தரையில் எதிர்ப்பு இல்லாததால் அது மிகக் கொஞ்சம் முறுக்குவிசையைத்தான் ஏற்க முடியும். சமம் என்பது விதி என்பதால், கெட்டியான தரையில் ஊன்றி நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே கொஞ்சம்தான் கிடைக்கும். பிடிப்புள்ளவன் உழைக்கத் தயாராக நின்றும், பிடிப்பில்லாதவனின் அளவுக்கே அவனுக்கும் வேலை அளக்கப்படுகிறது. எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் கணக்கு மாறாது.

கொங்கு நாட்டு உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்து சேறான காட்டில் டிராக்டரின் ஒரு சக்கரம் சுழலத் தொடங்கியதும் குதிகாலால் ஒரு பெடலை மிதிப்பார்கள். டிஃப் லாக் விழும், இரண்டு சக்கரமும் ஒன்றாகும், வண்டி மேலேறும். வரப்பில் திருப்புவதற்கு முன் காலை எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் வண்டி திரும்பாமல் நேரே இழுக்கும். டிராக்டரில் அந்த முடிவை மனிதன் எடுக்கிறான், நேரமும் இருக்கிறது. வேகமாக வளைவில் போகும் காரில் அந்த முடிவுக்கு அரை நொடிகூட இல்லை. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் அந்தக் குதிகாலை ஆக்ஸிலுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. திருப்பத்துக்கு வேண்டிய வேறுபாட்டை அனுமதிக்கிறது, வழுக்கல் அளவு மீறினால் தடுக்கிறது.

பந்தயம் கற்றுத் தந்த தேவை இது. ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் கார்கள் 1930களில் பதினாறு சிலிண்டர் எஞ்சினோடு வந்தபோது, நல்ல வேகத்திலும் பின்சக்கரங்களில் ஒன்று வீணாகச் சுழன்றது. 1935இல் அவர் இசட்எஃப் நிறுவனத்திடம் இதற்கு ஒரு வழி கேட்டதிலிருந்து இந்த வகை டிஃபரன்ஷியல்களின் கதை தொடங்குகிறது. அதன் பிறகு பல வகைகள் வந்தன. கிளட்ச் தட்டுகள் அடுக்கியது ஒன்று. அதற்கென்று உராய்வைச் சீராக்கும் மருந்து கலந்த எண்ணெய் வேண்டும், புதிதாகப் போட்டதும் காலியான திடலில் எட்டுப் போல வளைந்து வளைந்து மெதுவாக ஓட்டித் தட்டுகளைப் பழக்க வேண்டும், காலப்போக்கில் தட்டுகள் தேயும். கெட்டியான சிலிக்கோன் திரவத்தின் இழுவையை நம்பும் வகை இன்னொன்று. பல்சக்கரத்தையே நம்பும் வகை மூன்றாவது. அமெரிக்கரான வெர்னான் கிளீஸ்மன் 1950களின் இறுதியில் காப்புரிமை பெற்ற டார்சென் இந்தக் குடும்பத்தில் புகழ்பெற்றது.

மாப்பிள்ளை தருவித்தது இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. சாய்வாகப் பல் வெட்டிய குட்டைப் பினியன்கள் ஜோடி ஜோடியாகத் தங்களுக்கென்று குடைந்த பொந்துகளுக்குள் உட்கார்ந்திருக்கும். முறுக்குவிசை ஏறும்போது பல்லின் சாய்வே அவற்றைப் பொந்தின் சுவரை நோக்கியும் ஓரத்தை நோக்கியும் தள்ளும். எஃகில் எஃகு உரசும். அந்த உரசல்தான் ஒரு பக்கம் கட்டறுத்து ஓடுவதைத் தடுக்கிறது. இழுவை அதிகமானால் உரசல் அதிகம், இழுவை விட்டால் உரசலும் விடும். தேய்ந்து போகத் தட்டு எதுவும் இல்லை. இந்த வகையின் திறனை ஒரு விகிதத்தால் சொல்வார்கள். விகிதம் மூன்று என்றால், வழுக்கும் சக்கரம் பத்துப் பங்கு முறுக்குவிசையை ஏற்கும்போது ஊன்றி நிற்பதற்கு முப்பது பங்கு வரை போகும். பெருக்கல் என்பதால் ஒரு பலவீனமும் உண்டு. ஒரு சக்கரம் தரையைவிட்டு முற்றிலும் எழும்பிவிட்டால் பூஜ்யத்தை மூன்றால் பெருக்க வேண்டியிருக்கும். அப்போது பிரேக்கை லேசாகத் தொட்டு அந்தரத்தில் சுழலும் சக்கரத்துக்குச் செயற்கையாக ஒரு எதிர்ப்பைக் கொடுத்தால் மறு சக்கரம் விழித்துக்கொள்ளும். இந்த வித்தை ஓட்டுபவரின் காலில் இருக்க வேண்டும்.

கோயம்புத்தூர் பக்கத்தில் கோ கார்ட் ஓட்டும் பிள்ளைகளுக்கு இந்தச் சக்கரக் கணக்கு முற்றிலும் புதிதல்ல. கோ கார்ட்டில் டிஃபரன்ஷியலே கிடையாது. இரண்டு பின்சக்கரமும் ஒரே தண்டில்தான். வளைவில் ஸ்டியரிங்கை வெட்டும்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு மயிரிழை எழும்ப வேண்டும், அப்போதுதான் கார்ட் திரும்பும். அதில் ஓட்டிப் பழகும் பையன் டிஃபரன்ஷியல் என்ற பெயர் தெரியுமுன்பே அது இல்லாததன் பாடத்தை இடுப்பால் படித்துவிடுகிறான். அதே கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள தடம். அது யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த எஸ். கரிவர்தன் ஜவுளிக் குடும்பத்தில் பிறந்தவர். மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, பணக்காரர் அல்லாதவர்களும் பந்தயத்துக்குள் நுழைய வழி செய்தவர். 1995இல் ஒரு வான்விபத்தில் இறந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 2005இல், கோவையின் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தனின் வேலையில் என்னைக் கவர்வது வெற்றிக் கோப்பைகளைவிட இன்னொன்று. வெளிநாட்டுப் பந்தயக் காருக்காகக் காத்திராமல் தெருவில் ஓடும் காரின் உறுப்புகளை எடுத்துத் தேவைக்கேற்ப மாற்றியது. அதற்கு முன் சென்னைக்கு வெளியே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையான சோழவரத்தில் பந்தயம் நடந்த ஆண்டுகளிலும் அம்பாசடரையும் ஃபியட்டையும் ஹெரால்டையும் வீட்டில் பிரித்துக் கட்டியவர்கள்தான் களத்தை நிறைத்தார்கள்.

சாளையில் நடந்த வேலைக்கு வருகிறேன். காரைத் தூக்கிச் சட்டத்துக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட் கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல்லை அடுக்கியோ யாரும் ஒரு காருக்கு அடியில் படுக்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பழைய கியர் எண்ணெயை வடித்து, சக்கரங்களையும் ஆக்ஸில் ஷாஃப்டுகளையும் உருவி, புரொப்பல்லர் ஷாஃப்டின் ஃபிளாஞ்சில் இரண்டு பக்கமும் ஒரே நேரில் கோடு போட்டுவிட்டுக் கழற்றினால், பல்சக்கரத் தொகுதி முழுதாக முன்பக்கம் வெளியே வரும். நல்ல கனம். இரண்டு பேர் வேண்டும்.

இங்கேதான் அவசரப்படாமல் இருக்க வேண்டும். எதையும் பிரிப்பதற்கு முன், இருக்கிற நிலையை அளந்து எழுதி வைக்க வேண்டும். கிரவுன் வீலின் பல்லுக்கும் அதைச் சுழற்றும் பினியனின் பல்லுக்கும் நடுவே எவ்வளவு வெளி இருக்கிறது என்பதுதான் முதல் அளவு. பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுன் வீலை முன்னும் பின்னும் ஆட்டினால் துளி ஆடும். அந்த ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் எங்களுக்கு வந்தது ஒரு நிட்டிங் மெஷின் ஃபிட்டரிடமிருந்து. வட்டப் பின்னல் இயந்திரத்தில் சிலிண்டரும் டயலும் ஒரே மையத்தில் சுற்றுகின்றனவா, இரண்டுக்கும் நடுவே உள்ள வெளி சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு அது தினமும் வேண்டும். அது தவறினால் துணியில் கோடு விழும். அவர் வந்து தன் கையாலேயே கேஜின் முனையைப் பல்லின் மேல் நிறுத்தி, ஊசியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். “பல்லுக்கு நேரா செங்குத்தா நிக்கோணுமுங்க, சாஞ்சா அளவு பொய் சொல்லும்” என்றார். காரின் ஆக்ஸிலை அவர் அதற்கு முன் தொட்டதே இல்லை.

இந்த வகை ஆக்ஸில்களில் வெளி பொதுவாக 0.12 முதல் 0.18 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பல பிரிட்டிஷ் தொகுதிகளில் சரியான எண்ணைக் கிரவுன் வீலின் முதுகிலேயே பொறித்திருப்பார்கள். வெளி குறைந்தால் சூட்டில் பற்கள் விரியும்போது எண்ணெய்ப் படலத்துக்கு இடமிராது, பல் பல்லைத் தின்னும். கூடினால் ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போதும் பல் பல்லைக் குத்தும். இரண்டு சக்கரங்களும் நன்றாகப் பொருந்துவதற்கு அவற்றுக்கு நடுவே ஒரு வெளியை விட்டே ஆக வேண்டும். அந்த வெளியின் அளவை முடிவு செய்வதுதான் இந்த வேலையின் உயிர்.

பேரிங் மூடிகளில் எது இடம், எது வலம் என்று சென்டர் பஞ்சால் புள்ளி வைத்தோம். அவை மாறினால் பொருந்தாது, தொகுதியோடு சேர்த்துக் குடையப்பட்டவை. கிரவுன் வீலைப் பழைய கூட்டிலிருந்து பிரித்துக் கழுவியதும், தெருக்கோடியில் குடம் தட்டும் பெரியவர் ஒருவர் வந்தார். கண்பார்வை மங்கியவர். கிரவுன் வீலைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிடச் சொன்னார். மரக்கைப்பிடியால் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டார். சுற்றிலும் நாலைந்து இடத்தில் தட்டினார். எங்கே தட்டினாலும் ஒரே கணீர்.

“விரிசல் இல்லீங் கண்ணு. போட்டுக்கலாம்” என்றார்.

“எப்படீங் தாத்தா சொல்றீங்க?” என்றான் மாப்பிள்ளை.

“ஓட்டைக் குடம் எப்படிப் பேசும்னு அம்பது வருசமாக் கேட்டுட்டிருக்கறன்.”

விரிசல் தேடும் இந்த முறையை வார்ப்பாலைகளிலும் பயன்படுத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அதிர்வைக் குடித்துவிடும், ஓசை மொண்ணையாகும். மேலும் உறுதிப்படுத்தச் சாயம் பூசியும் காந்தத் துகள் தூவியும் பார்க்கும் முறைகள் உண்டு. ஆனால் அந்தக் காது ஒரு கருவி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

புதிய கூட்டின் மேல் கிரவுன் வீல் இறுக்கமாகத்தான் உட்காரும். சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது, கோணலாக ஏறினால் பிறகு எந்த அளவும் நிற்காது. அனுப்பர்பாளையத்தில் அண்டாவுக்குப் பஞ்சமா? ஒரு செம்பு அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கிரவுன் வீலை அதில் போட்டோம். 120 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகு வளையம் 70 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் துளை ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர் விரியும். அது போதும். எடுத்து, துடைத்து, நீளமான இரண்டு போல்ட்டுகளை வழிகாட்டியாக வைத்து இறக்கியபோது தானாகப் போய் உட்கார்ந்தது. ஆறுவதற்குள் போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஈரம் ஒட்டாமல் உடனே எண்ணெய் தடவவும் வேண்டும்.

பினியனை நாங்கள் தொடவில்லை, அதன் ஆழம் முன்போலவே இருந்தது. மிச்சமிருந்தது கிரவுன் வீலை இடமோ வலமோ நகர்த்துவது. பேரிங்குக்குப் பின்னால் போடும் வாஷர்களை ஒரு பக்கம் குறைத்து மறுபக்கம் அதே அளவு கூட்டினால் தொகுதி நகரும், பேரிங்கின் இறுக்கம் மாறாது. வாஷரை மாற்று, மூடியை இறுக்கு, கேஜைப் பார், மறுபடி கழற்று. இதையே திரும்பத் திரும்பச் செய்தோம். பிறகு சில பற்களில் ரெட் லெட் பவுடரை எண்ணெயில் குழைத்துப் பூசி, கிரவுன் வீலை ஒருவர் கையால் தடுத்துப் பிடிக்க, மற்றவர் பினியனைச் சுற்றினால், பல் எங்கே பல்லைத் தொடுகிறது என்று பூச்சில் தடம் விழும். தடம் பல்லின் நடுவில், நுனியையும் அடியையும் தொடாமல், நீள்வட்டமாக இருந்தால் நல்லது. உள்முனைக்கு ஒதுங்கியிருந்தால் கிரவுன் வீல் பினியனை அதிகமாக நெருங்கியிருக்கிறது, வெளிமுனைக்குப் போனால் விலகியிருக்கிறது. பல்நுனியிலோ அடியிலோ ஒட்டினால் குற்றம் பினியனின் ஆழத்தில் இருக்கிறது. கைரேகை பார்ப்பவர்போல நாங்கள் நான்கு பேர் டார்ச் அடித்து அந்தச் சிவப்புத் தடத்தின் மேல் குனிந்து நின்றோம். நிட்டிங் ஃபிட்டரும் ஆலைக்காரரும் அந்தத் தடத்தைப் பற்றி வாதாடினார்கள். இருவருக்கும் தங்கள் இயந்திரத்தின் நியாயம் இருந்தது, இருவர் சொன்னதிலும் காருக்கு வேண்டியது இருந்தது.

இந்தக் கட்டுரையை நான் எழுத இன்னொரு காரணம் அந்த வாதம். இன்று புதிதாக வரும் பல கார்களில் ஒரு சக்கரம் வழுக்கினால் கணினி அதை உணர்ந்து அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறது. மாப்பிள்ளை காலால் செய்ய வேண்டியதை மென்பொருள் செய்துவிடுகிறது. சக்கரத்துக்கு ஒரு மோட்டார் வைத்த மின்கார்களில் டிஃபரன்ஷியலே தேவையில்லை. ஆலையிலும் இதுவே நடந்துவிட்டது. புதிய சிம்ப்ளக்ஸ்களில் கூம்பு டிரம்மும் இல்லை, டிஃபரன்ஷியலும் இல்லை. ஸ்பிண்டிலுக்கும் பாபினுக்கும் தனித்தனி சர்வோ மோட்டார்கள், வேகத்தைக் கணக்கிட்டுத் தர ஒரு திரை. ரோவிங் அறுபடுவது குறைந்திருக்கிறது, சத்தம் குறைந்திருக்கிறது. நல்ல மாற்றம்தான், நான் அதை எதிர்க்கவில்லை. பழுதானால் பலகையை மாற்றுகிறார்கள், திறந்து பார்க்க அங்கே எதுவும் இல்லை. எனக்குப் பதைப்பு எங்கே என்றால், ஆலையின் ஃபிட்டரும் பின்னல் மெஷினின் ஃபிட்டரும் குடம் தட்டுபவரும் ஒரே பல்லின் தடத்தைப் பார்த்து ஒருவருக்கொருவர் புரியும்படி பேசிக்கொள்ள முடிகிற இந்த வட்டாரத்தின் பொதுப் புத்தி, திறக்க முடியாத பெட்டிகள் பெருகப் பெருக யாரிடமும் ஒப்படைக்கப்படாமல் போகிறது என்பதில்தான். பாலிடெக்னிக்கில் படிக்கும் பையன் கிரவுன் வீலின் படத்தை அழகாக வரைகிறான். பல்லிடை வெளியை விரலால் ஆட்டிப் பார்த்து, “கொஞ்சம் அதிகமுங்க” என்று சொல்லும் விரல் அவனுக்கு யார் தருவார்கள்? அது பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து வருவது. பட்டறை வீட்டோடு இருந்ததால்தான் அது இங்கே பிள்ளைகளுக்குக் கேட்காமலே கிடைத்தது.

பாத்திரத் தொழிலில் கூலி ஒப்பந்தப் பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும்போது உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அந்தப் பெரியவரின் காதுக்கு அந்தக் கணக்கில் தனியாக ஒரு வரி கிடையாது. இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தொகுதியை ஆக்ஸிலில் ஏற்றி, புதிய கேஸ்கெட் வைத்து, ஹைப்பாய்டு பற்களுக்கான 90 எண்ணெயை நிரப்பி, சக்கரங்களை மாட்டினோம். காரைத் தூக்கி நிறுத்தி ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது. இந்தப் பல்சக்கர வகைக்கு அது சரிதான். கிளட்ச் தட்டு வகையாக இருந்திருந்தால் அத்தனை எளிதில் சுற்றியிருக்காது. இந்தக் காரை அவன் தடத்தில் ஓட்டத்தான் வைத்திருக்கிறான். சாலை வண்டியில் எதையாவது மாற்ற நினைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை முதலில் படித்துவிட்டுக் கழற்றுவது நல்லது.

முதல் ஓட்டத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் இறுக்கமான வளைவின் நடுவில் மிதித்தால் உள்சக்கரம் கீச்சிட்டுப் புகையும், கார் நின்ற இடத்தில் நிற்கும். இப்போது மிதித்ததும் பின்பாகம் அமுங்கி, வெளிச்சக்கரம் தன் பங்கை எடுத்துக்கொண்டு காரை வளைவுக்கு வெளியே தள்ளியது. ஸ்டியரிங் கொஞ்சம் கனத்தது, மிதிக்கும் அளவைப் பொறுத்து வளைவின் கோடு மாறியது. மாப்பிள்ளை பேசவே இல்லை. இரண்டாவது சுற்றில்தான் சிரித்தான்.

ஒன்று மிச்சமிருக்கிறது. காலை எடுத்து விட்டு வேகம் தானாகக் குறையும்போது எழுபதுக்குப் பக்கத்தில் பின்னாலிருந்து மெல்லிய ஊளை வருகிறது. இழுக்கும்போது இல்லை, விடும்போது மட்டும். பல்லின் மறுபக்கம் பழைய ஓட்டத்தில் தேய்ந்ததால் வருவது என்கிறார் ஆலைக்காரர். பினியன் பேரிங்கைப் பார்க்க வேண்டும் என்கிறார் நிட்டிங் ஃபிட்டர். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை வடித்து, வடிகால் திருகின் காந்தத்தில் எவ்வளவு தூள் ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பொடிபோல இருந்தால் விடலாம், செதில் செதிலாக இருந்தால் திறக்க வேண்டும். இப்போது பொங்கலுக்கான பானை வேலை தெருவெங்கும் நடக்கிறது, பெரியவருக்கு நேரமில்லை. பொங்கல் முடிந்ததும் திறக்கிறோம்.